இருபதுகளில் இடுப்பு வலி: பயிற்சியை எங்கே தொடங்குவது, எவ்வளவு செய்வது

அந்தத் தம்பிக்கு 26 வயது. கையில் எம்.ஆர்.ஐ. கவரோடு உள்ளே வந்தார். நாற்காலியைக் காட்டினேன். இரண்டு கைகளையும் அதன் கைப்பிடியில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, முதுகைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கினார். உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார். உடனே கவரை நீட்டினார். “எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கு மேடம். இனிமே குனியவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஏழு மாசமா நான் குனியறதே இல்லை.”

ரிப்போர்ட்டைப் படித்தேன். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு. இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் உள்ள அது கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கேட்க வேண்டியதைக் கேட்டேன். கால்களின் பலம், உணர்வு, மூட்டுகளின் அனிச்சைத் துடிப்பு எல்லாவற்றையும் சோதித்தேன். கோளாறு எதுவும் இல்லை. பிறகு தரையில் ஒரு துண்டைப் போட்டு, “எடுத்துக் கொடுங்க தம்பி” என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முதுகு துளியும் வளையாமல், முகத்தைச் சுளித்தபடி எடுத்தார். அடுத்து கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கச் சொன்னேன். தயங்காமல் செய்தார்.

“வலிக்குதா?”

“இல்லை மேடம். இழுத்துவிட்ட மாதிரி சுகமா இருக்கு.”

“இப்போ உங்க இடுப்பு எவ்வளவு வளைஞ்சிருக்கு தெரியுமா? நின்னுக்கிட்டு துண்டை எடுக்கக் குனிஞ்சா வளையுமே, கிட்டத்தட்ட அந்த அளவு.”

கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

14 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள் இடுப்பு வலியோடு வரும்போது இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. நின்றபடி குனியும்போது இடுப்பில் விழும் பாரம் படுத்திருக்கும்போது விழுவதில்லை, உண்மைதான். ஆனால் வளைவு என்பது அந்த இடுப்புக்கு முடியாத காரியம் இல்லை. பாரத்தோடு வளையும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போன பழக்கத்தை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் முழு விஷயமும். எந்தப் பயிற்சி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. நான் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த ‘எவ்வளவு’ பற்றியது.

எனக்கே 23 வயதில் இந்த வலி வந்தது. கல்லூரி கடைசி வருடம். மூன்று வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அப்படியே படுத்திருந்தேன். எழுந்து நின்ற நாளில் இடுப்பு வலி அப்படியே இருந்தது, கூடவே தொடைகள் நடுங்கின. மாடிப்படி ஏறி இறங்கவே திணறினேன். பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது, 1986-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு இதைச் சோதித்திருக்கிறது என்று. இடுப்பு வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு பிரிவினருக்கு ஏழு நாள். வலி குறைந்ததில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஏழு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள்தான் கூடியிருந்தன. இத்தனை வருடம் கழித்தும் “படுத்து ரெஸ்ட் எடு” என்பதே முதல் அறிவுரையாக வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கீழே சொல்லும் எதுவும் உங்களுக்கு இருந்தால் பயிற்சியைத் தள்ளி வையுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவை தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது தரையில் தட்டினாலும் தாமதிக்க வேண்டாம். விபத்து, உயரத்திலிருந்து விழுந்தது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவது ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான்.

இளம் வயதில் தவறவிடப்படும் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். மெல்ல மெல்ல வந்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கும் மேல் முதுகு இறுகிப் போயிருக்கும். நடமாடினால் விடும், ஓய்வெடுத்தால் கூடும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். சிலருக்குப் பிட்டத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறி வலிக்கும். கண் சிவந்து வலித்த அனுபவமும் இருக்கலாம். இது இருந்தால் வாத நோய் நிபுணரைப் பாருங்கள். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, பயிற்சியும் அவற்றோடு சேர்ந்தே வேண்டும். பல வருடம் ‘டிஸ்க் பிரச்சினை’ என்று நினைத்துக் காலத்தை ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அந்தக் காலை இறுக்கத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

இரண்டாவது, முதுகைப் பின்னால் வளைத்தால் மட்டும் குத்துகிற வலி. வேகப்பந்து வீச்சாளர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்கள், பளு தூக்குபவர்களுக்கு முதுகெலும்பின் பின்பக்க வளையத்தில் நுண்ணிய முறிவு வருவதுண்டு. ஸ்பாண்டிலோலைசிஸ் என்பார்கள். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் விளையாட்டு வீரருக்கு இடுப்பு வலி என்றால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இவர்களுக்குப் பின்னால் வளையும் பயிற்சிகள் உதவாது. விளையாட்டிலிருந்து சில காலம் விலகி இருக்கவும் வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. மாதவிடாயோடு சேர்ந்தே ஏறி இறங்குகிற இடுப்பு வலி என்றால் மகப்பேறு மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்பூச்சு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், இடுப்பு வலியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளலாம்.

இவை எதுவும் இல்லாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அதில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த நரம்பு என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் கிடையாது.

“அப்படியானால் ஸ்கேனில் தெரிந்ததே, அது என்ன?” நியாயமான கேள்வி. 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. அவர்களுக்கு எந்த வலியும் கிடையாது. ‘பல்ஜ்’ என்ற சொல் ரிப்போர்ட்டில் இருப்பதாலேயே அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அறிகுறியோடு பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

அளவுகோல்: மூன்றும் மறுநாள் காலையும்

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சி செய்யும்போது வலி 3 வரை போகலாம். அதனால் எதுவும் கெட்டுப்போகாது. செய்து முடித்து, மறுநாள் காலை எழும்போது முந்தைய நாள் காலை இருந்த அளவுக்கே வலி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த அளவு உங்களுக்குப் பொருந்துகிறது. கூடியிருந்தால் பயிற்சியை விட்டுவிடாமல், எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். வலி இடுப்பிலிருந்து பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்த அசைவை நிறுத்துங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால், இடுப்பு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல சகுனம்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, என்ன செய்தேன், செய்யும்போது எத்தனை, மறுநாள் காலை எத்தனை என்று எழுதுங்கள். அந்தத் தம்பியின் நோட்டு என் கண்ணிலேயே இருக்கிறது. முதல் வாரத்தில் 3, 5, 2, 4, 4 என்று எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. 5 போட்ட நாளுக்குப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘ராத்திரி 2 மணி வரை வேலை, மூணு மணி நேரம்தான் தூக்கம்’. பயிற்சியால் வந்த 5 இல்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது. தூக்கம் குறைந்தால் நரம்பு மண்டலம் வலியைக் கூட்டியே காட்டும். இருபதுகளில் இருப்பவர்களிடம் நான் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு கேட்பது அதனால்தான்.

முதல் இரண்டு வாரம்: சுலபமான திசை எது

1956-ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் ஒரு சம்பவம். கால் வரை வலி இறங்கும் ஒரு நோயாளியை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தப்பட்டிருந்தது. அதைக் கவனிக்காமல் நோயாளி முதுகு பின்னால் வளைந்த நிலையிலேயே படுத்துவிட்டார். மெக்கென்சி சில நிமிடம் கழித்து வந்து பதறியபோது, கால் வலி போய்விட்டது என்றார் அந்த மனிதர். அதிலிருந்து வளர்ந்த முறைதான், எந்தப் பக்கம் அசைத்தால் வலி மேலேறுகிறது என்று தேடிப் பிடிப்பது.

நீங்களும் தேடலாம். குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இன்னும் இரண்டு நிமிடம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையில் தொங்கிக் கிடக்க, கைகளால் மட்டும் உடம்பைத் தள்ளி மேலே எழும்பி இறங்குங்கள். பத்து முறை. முதுகுத் தசைக்கு இதில் வேலையே கிடையாது. பிட்டத்தை இறுக்காமல் விட வேண்டும், பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பத்து முறைக்குப் பின் வலி குறைந்தாலோ மேலேறினாலோ உங்கள் திசை இதுதான். பகலில் நான்கைந்து தடவை செய்யுங்கள்.

சிலருக்கு நேர் எதிர். நின்றால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி. அவர்கள் மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சுக்குக் கொண்டுவருவதைப் பத்துப் பத்தாகச் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டையும் கொஞ்சம் செய்யுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு எச்சரிக்கை. எழுந்ததும் முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முழுதாகக் குனியும் பயிற்சி வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கில் அழுத்தம் கூடுதலாக விழும். பல் துலக்கி, கொஞ்சம் நடந்து, உடம்பு இளகிய பிறகு செய்யுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து: தாங்கும் திறன்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியர் பல வருடம் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்தார். டிஸ்க்கை அதிகம் அழுத்தாமல் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளை நீடித்து வேலை செய்யப் பழக்கும் மூன்று பயிற்சிகளை அவர் முன்வைத்தார். நான் எல்லோருக்கும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலாவது, பாதி எழுதல். மல்லாந்து படுங்கள். ஒரு கால் நீட்டியிருக்கட்டும், இன்னொன்றின் முழங்கால் மடங்கியிருக்கட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வையுங்கள். தலையும் தோளும் ஒன்றாக, தரையிலிருந்து ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். கழுத்தை முன்னால் நீட்டக் கூடாது. அடியில் உள்ள கைகளில் இடுப்பின் அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பத்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். பள்ளியில் செய்த சிட்-அப் மாதிரி முழுதாக எழுந்து உட்கார வேண்டாம், அது இப்போது உங்கள் இடுப்புக்குத் தேவையற்ற பாரம்.

இரண்டாவது, பக்கவாட்டுப் பாலம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றுங்கள். முழங்கால்களை மடக்கி வைத்து, இடுப்பைத் தரையிலிருந்து எடுத்து, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாகப் பிடியுங்கள். மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். முழங்கால் ஊன்றிச் செய்வது சுலபமான பிறகு பாதங்களை ஊன்றிச் செய்யலாம். வலி உள்ள பக்கம் பத்து விநாடி பிடிக்க முடியவில்லை என்றால் மூன்று விநாடியில் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, நான்கு காலில் நிற்பது போல் நில்லுங்கள். வலது கையை முன்னால், இடது காலைப் பின்னால் நீட்டுங்கள். காலை உயரத் தூக்காமல், குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவது போல நீட்டுங்கள். இடுப்பின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி பிடித்து, கையையும் காலையும் தரையோடு வருடிக்கொண்டே திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் நீட்டுங்கள். அந்தத் தம்பிக்கு நான் உண்மையாகவே ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். முதல் நாள் காலைத் தூக்கும் முன்னாலேயே கொட்டிவிட்டது. அவருடைய இடது இடுப்பு ஒவ்வொரு முறையும் கீழே சரிந்ததை அப்போதுதான் அவரே உணர்ந்தார். அதுவரை நான் வாயால் எத்தனை முறை சொல்லியும் பிடிபடவில்லை. பதினோராம் நாள் பத்து விநாடி கொட்டாமல் நின்றது.

எண்ணிக்கை இப்படி: ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமும் 6 முறை, சற்று ஓய்வு, 4 முறை, ஓய்வு, 2 முறை. முதல் சுற்றில் உற்சாகமாக இருக்கும்போது அதிகமும், களைப்பு ஏற ஏறக் குறைவும். களைத்த பிறகு நிலை கெட்டுச் செய்யும் கடைசிச் சில முறைகள்தான் பெரும்பாலும் மறுநாள் வலியைக் கொண்டுவருகின்றன. பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடிக்கு மேல் கூட்ட வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தினமும் செய்யலாம். கால் மணி நேரம் போதும்.

நடையும் இதனோடு சேர்ந்ததுதான். எத்தனை நிமிடம் நடந்தால் வலி 3-ஐத் தாண்டத் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். 12 நிமிடம் என்றால் 10-ல் தொடங்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். வலி இல்லாத நாளில் ஆசைப்பட்டு 40 நிமிடம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வலி இல்லாத நாளிலும் அன்றைய கணக்கோடு நிறுத்துங்கள். 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்ற இடத்துக்கு வந்துசேர வேண்டும்.

தூக்கப் பழகுதல்

இளம் வயதினரின் சிகிச்சை இங்கே வந்தால்தான் முழுமையாகும். பாயில் செய்யும் பயிற்சியோடு நிறுத்திவிட்டால், வாளியைத் தூக்கும் நாளில், குழந்தையை இடுப்பில் வைக்கும் நாளில், பெட்டியை மாடிக்கு ஏற்றும் நாளில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் உடம்பு இன்னும் ஐம்பது வருடம் தூக்க வேண்டியிருக்கிறது.

ஒரு துடைப்பக் கம்பை எடுத்து முதுகோடு சேர்த்து நீளவாக்கில் பிடியுங்கள். அது மூன்று இடத்தில் படவேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு. சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். கைகள் நிறையப் பொருட்களோடு இருக்கும்போது கார்க் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவோமே, அந்த அசைவுதான். கம்பு மூன்று இடத்திலும் ஒட்டியே இருந்தால், மடங்குவது தொடை மூட்டு. வால் எலும்பில் இடைவெளி விழுந்தால் இடுப்பு வளைகிறது என்று பொருள். பத்துப் பத்தாக மூன்று தடவை. தொடையின் பின்பக்கம் இழுக்கும், இழுக்கட்டும்.

இது கைவந்த பிறகு பாரம். ஒரு பையில் 5 கிலோ அளவுக்குப் புத்தகங்களைப் போட்டு, ஒரு முக்காலியின் மேல் வைத்து, அங்கிருந்து எடுத்து நிமிருங்கள். 10 முறை, 2 சுற்று, வாரத்தில் மூன்று நாள். அடுத்தடுத்த இரண்டு நாள் பயிற்சியில் வலி 2-க்குள் இருந்தால் ஒரு கிலோ கூட்டுங்கள், அல்லது முக்காலியை மாற்றிச் சிறு பலகையில் வையுங்கள். ஒரே நாளில் எடையும் உயரமும் சேர்ந்து மாறக் கூடாது. கூடவே மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்கும் பயிற்சியும், ஒரு கையில் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு சாயாமல் நேராக நடப்பதும் நல்லவை.

கம்பு வைத்துப் பழகியதால் எப்போதும் முதுகு நேராகத்தான் இருக்க வேண்டும் என்று புதிய பயம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். பென்சிலை எடுக்க முதுகை வளைத்துக் குனியலாம், ஷூ லேஸ் கட்டலாம். ஐந்தாவது வாரத்திலிருந்து நான் வேண்டுமென்றே முதுகை உருட்டிக் குனிய வைக்கிறேன். முதலில் உட்கார்ந்து கைகளைத் தரை நோக்கித் தொங்கவிடுவது, பிறகு நின்று, பிறகு கையில் ஒரு கிலோவோடு. அந்தத் தம்பி ஆறாவது வாரத்தில் அதே துண்டைத் தரையிலிருந்து எடுத்தார். மேசையைப் பிடிக்கவில்லை. எடுத்த பிறகு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு: வலிக்கு முன் தூக்கிய எடையை மறந்துவிடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, பார்பெல்லைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்கால் உயரத்தில் வைத்து எடுங்கள்.

கேட்கப்படும் மற்ற விஷயங்கள்

பெல்ட் போடலாமா? உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பயிற்சியும் வலியைப் பற்றிய கற்பித்தலும் அதில் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஒரு நீண்ட பயணத்துக்குப் போட்டுக்கொண்டால் தவறில்லை. தினமும் பத்து மணி நேரம் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் மெல்ல அவிழ்க்கப் பழகுங்கள்.

யோகா, பிலாட்டஸ், நீச்சல் எது சிறந்தது? 2021-ல் நாள்பட்ட இடுப்பு வலிக்கான 249 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி செய்வது செய்யாமலிருப்பதைவிட வலியைக் குறைக்கிறது என்று தெரிந்தது. உங்களுக்குப் பிடித்து, ஆறு மாதம் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு விதி அதற்கும் உண்டு.

எப்படி உட்கார்வது? ஒரே சரியான நிலை என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து ஐந்து முறை பின்னால் சாயுங்கள். போன் பேசும்போது நடங்கள்.

திடீரென்று பிடித்துக்கொண்டால்? பிடிக்கும். நன்றாகத் தேறி வருபவருக்கும் பத்து வாரத்துக்குள் ஒன்றிரண்டு முறையாவது வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அன்று பாரம் தூக்குவதை நிறுத்துங்கள், நடப்பதை நிறுத்தாதீர்கள், ஐந்து நிமிடமாகக் குறைத்து நாலு தடவை நடங்கள். முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்த உங்கள் திசைப் பயிற்சிக்குத் திரும்புங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுத்துக்கொள்ளலாம். வலி அடங்கியதும் விட்ட இடத்தில் பாதி அளவிலிருந்து மறுபடி ஏறுங்கள். கால் மரத்துப்போவதோ பலம் குறைவதோ புதிதாக வந்தால் மட்டும் மேலே சொன்ன எச்சரிக்கைப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எண்கள் அசையவே இல்லை என்றால், நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்து நீங்கள் செய்யும் விதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வலி போன பிறகு

எல்லோரும் விட்டுவிடும் இடம் இது. இடுப்பு வலி திரும்பி வரும் குணமுள்ளது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. எல்லோரும் அப்போதுதான் இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்கள். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. எதுவும் செய்யாதவர்களுக்கு அது 112 நாள். நடையைத் தவிர எந்தக் கருவியும் அதில் கிடையாது.

நான் கொடுக்கும் பராமரிப்புக் கணக்கு சின்னது. வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம்: மூன்று பயிற்சிகளும் ஒரே ஒரு சுற்று, பிறகு பையைத் தூக்குதல், ஒரு கைச் சுமையோடு நடை. தேர்வு, வேலை மாற்றம், பயணம் என்று ஒரு வாரம் தப்பினால், திரும்பும் முதல் நாளில் தூக்கும் எடையைக் கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் தினமும் எழுத வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஓர் எண் போட்டால் போதும். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு அந்த எண் ஏறினால், அந்த வாரங்களில் எவ்வளவு தூங்கினீர்கள், எத்தனை நாள் நடந்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.